மனிதன் வளமாகும் கதை
ஊழியர் நடத்தை பற்றிய ஆய்வுகளின் மொழியும் அவை மறக்கும் வரலாறும்

1

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் வணிக, முகாமைத்துவ பீடங்களிலிருந்து வெளிவரும் ஆய்வுகளுள் கணிசமான பகுதி இன்று மனிதவள முகாமைத்துவம், நிறுவன நடத்தை ஆகிய துறைகளைச் சார்ந்ததாகும். வங்கி, ஆடைத் தொழிற்சாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம் என ஆய்வுக்களம் மாறலாம். ஆய்வின் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆய்வாளர் ஒரு வினாக்கொத்துடன் செல்கிறார். 'முற்றாக உடன்படுகிறேன்' என்பது முதல் 'முற்றாக உடன்படவில்லை' என்பது வரை ஐந்து கட்டங்கள் அதிலுண்டு. 1932இல் ரென்சிஸ் லைக்கேர்ட் வகுத்த அளவுத்திட்டம் அது. தொழில் திருப்தி, ஊக்குவிப்பு, நிறுவனத்தின்பாலுள்ள அர்ப்பணிப்பு, வரவின்மை, விலகும் எண்ணம் முதலியன மாறிகளாக்கப்படுகின்றன. மாறிகளுக்கிடையிலான இணைபு கணிக்கப்படுகின்றது. ஈற்றில் முகாமையாளர்க்குச் சில விதந்துரைகள் கூறப்படுகின்றன. தொழிலாளர்க்கு விதந்துரை கூறும் வழக்கம் இவ்வாய்வுகளில் அரிது.

இலக்கிய ஆய்வாளர்களாகிய நமக்கு இத்துறையில் என்ன அலுவல் என்ற வினா எழலாம். அதற்கு நமது விடை எளியது. இவ்வாய்வுகளும் எழுத்துக்களே. அவற்றுக்கென ஒரு சொற்களஞ்சியமும், கதை சொல்லும் முறையும், பாத்திரங்களைப் படைத்துக்காட்டும் மரபும் உண்டு. உழைக்கும் மனிதன் யார், அவன் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே அவற்றின் பொருள். நாவலுக்கும் சிறுகதைக்கும் உரிய பொருளும் அதுவேயாகும். முற்போக்கு இலக்கியத் திறனாய்வு இந்நாட்டில் வேரூன்றிய காலந்தொட்டு, ஓர் எழுத்து எவ்வர்க்கத்தின் கண்ணால் உலகைக் காண்கிறது என்று கேட்டு வந்துள்ளது. அவ்வினாவைக் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் மட்டும் உரியதாக வரையறுத்துக்கொள்ள நியாயமில்லை.

இக்கட்டுரையில் நாம் நிலைநாட்ட முயல்வது ஒன்றே. ஊழியர் நடத்தை பற்றிய ஆய்வுகள், நடத்தையை அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளினின்றும் வரலாற்றினின்றும் பிரித்தெடுத்துத் தனிமனிதனின் இயல்பாக ஆக்கிவிடுகின்றன. இப்பிரிப்பு கணிப்பில் நிகழும் தவறன்று; அவ்வாய்வுகளின் மொழியிலேயே அமைந்துகிடப்பது. கொழும்பு நகரின் உழைப்பு வரலாற்றை அருகில் வைத்து நோக்கும்போது இது தெளிவாகப் புலப்படும்.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் முன்னர் வழங்கிய பெயருக்கு ஈடாக நாம் 'ஆளணி முகாமைத்துவம்' என்று சொல்லி வந்தோம். 1980களின் பின்னர் 'மனிதவளம்' அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆளணி என்பதில் ஆள் இருந்தான். அணியில் நிறுத்தப்பட்டவனாயினும் ஆளாகவே இருந்தான். வளம் என்பதோ தமிழில் நிலத்துக்கும் நீருக்கும் மலைக்கும் கடலுக்கும் உரிய சொல். காப்பியங்களில் நாட்டு வளம் கூறும் மரபைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். வயலும் வாய்க்காலும் வாளைமீனும் வருணிக்கப்படும் அப்பகுதிகளில் உழுவோரும் நடுவோரும் அறுப்போரும் வருவதுண்டு. எனினும் அவர்கள் அங்கே வினை செய்யும் மாந்தராக வருவதில்லை. நிலக்காட்சியின் ஓர் உறுப்பாகவே வருகின்றனர். நிலக்கிழமையின் கண்ணுக்கு உழவன் வளத்துள் அடங்கியவன். புதிய சொல், அறிந்தோ அறியாமலோ, அப்பழைய பார்வையை மீட்டெடுத்துள்ளது. வளத்துக்கு உடைமையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் யார் என்று சொல் தன்னளவிற் கூறுவதில்லை.

'ஊழியர்' என்ற சொல்லும் கவனத்துக்குரியது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்பது கூலியின்றிச் செய்தாகவேண்டிய கட்டாயப் பணியைக் குறித்தது. கொழும்பிலே சோனகர்மீதும் செட்டிமார்மீதும் அது சுமத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திற் சில சாதியினர்மீதும் சுமத்தப்பட்டிருந்தது. பிரித்தானியர் காலத்தில் அக்கடமை ஒழிந்தது. சொல் மட்டும் எஞ்சி மாதச் சம்பளம் பெறுவோரின் பெயராயிற்று. 'தொழிலாளர்' என்ற சொல்லைத் தொழிற்சங்க இயக்கம் போராடிப் பொருளேற்றி வைத்தது. ஆய்வேடுகளில் அச்சொல் அருகி 'ஊழியர்' பெருகி வருவதை நாம் தற்செயலாகக் கொள்ளவில்லை.

மூன்றாவது 'நடத்தை'. தமிழில் இது வெறும் செயலைக் குறிக்கும் சொல்லன்று. தீர்ப்பை உள்ளடக்கிய சொல். பாடசாலை வழங்குவது நன்னடத்தைச் சான்றிதழ். சிறு குற்றஞ் செய்த பிள்ளையை அரசு ஒப்படைப்பது நன்னடத்தை உத்தியோகத்தரிடம். பெண்ணின் நடத்தையைப் பற்றி ஊர் பேசுகிறது என்றால், பேச்சின் பொருள் யாதென நாம் விளக்க வேண்டியதில்லை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின் கிராமங்களிலிருந்து வந்து ஆடை தைத்த இளம்பெண்கள், தொழிற்சாலைக்குள் ஒருவகை நடத்தைக் கண்காணிப்புக்கும் தொழிற்சாலைக்கு வெளியே மற்றொருவகை நடத்தைக் கண்காணிப்புக்கும் உள்ளாகினர். இரண்டையும் ஒரே சொல் குறிப்பது தமிழின் குறைபாடன்று. உண்மையை அது நேராகவே காட்டிவிடுகிறது எனலாம். ஒருவர் நடத்தையை இன்னொருவர் மதிப்பிடும்போது மதிப்பிடுபவருக்கு அதிகாரம் இருக்கிறது. முதலாளியின் நடத்தை, பங்குதாரரின் நடத்தை என்ற தலைப்புக்களில் வினாக்கொத்துக்கள் எத்துணை அரியன என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

3

இச்சொற்கள் நம்மிடையே தாமாகத் தோன்றியவை அல்ல. மேனாட்டு மூலநூல்களின் வழி வந்தவை. ஆகவே அம்மூலநூல்களையும் எழுத்துக்களாகவே வாசித்தல் அவசியமாகின்றது.

பிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட 'விஞ்ஞான முகாமைத்துவத்தின் தத்துவங்கள்' இத்துறையின் முதனூலாகக் கருதப்படுவது. விஞ்ஞானம் என்று பெயர் கொண்ட அந்நூலின் உயிர்நாடி ஒரு சிறுகதையாகும். பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியிலேற்றும் ஷ்மித் என்பவனே அதன் நாயகன். நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் சுமந்துவந்தவன், டெய்லரின் முறைப்படி 47 தொன் சுமக்கலானான். அவனுடைய கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. இக்கணக்கைக் கதையின் நடை மறைக்கிறது. டெய்லர் ஷ்மித்துக்கும் தமக்கும் நடந்த உரையாடலொன்றை எழுதிக்காட்டுகிறார். குடியேறிய ஜெர்மானியக் குடும்பத்து மனிதனின் கொச்சை ஆங்கிலம் அதில் அப்படியே பெயர்க்கப்படுகிறது. இவ்வேலைக்கு ஏற்றவனை எருதோடு அவர் ஒப்பிடுகிறார். வாசகர் நகைக்க, நகைப்பினிடையே கணக்கு கடந்து போகிறது. பாத்திரத்தை இழிவுபடுத்தியே நிறுவப்பட்ட முடிபு அது.

இங்கு நமது நகரத்துச் சொல் ஒன்று நினைவுக்கு வருகின்றது. தமிழகத்தில் நாட்டாமை என்றால் ஊர்த்தலைவர். கொழும்பிலே, கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெரு வரையுள்ள பண்டசாலைகளில், நாட்டாமை என்பவர் மூட்டை சுமப்பவர். துறைமுகத்திலும் கடைத்தெருக்களிலும் சுமை தூக்கிய தமிழ், மலையாள, முஸ்லிம், சிங்களத் தொழிலாளரின் முதுகிலேயே இந்நகரத்தின் வணிகம் ஏறி நின்றது. ஷ்மித்தின் கதையை எழுதியவர் டெய்லர், ஷ்மித் அன்று. நாட்டாமையின் கதை இன்னும் பெரும்பாலும் எழுதப்படாதது. 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் பல்லாயிரவராய் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்கள் பதில் கூறியதும் ஒரு வினாவுக்கே. ஆனால் அது ஐந்து கட்டங்களுள் அடங்கும் பதிலாயிருக்கவில்லை.

அடுத்து, ஹோதோர்ன் ஆய்வுகள். 1924 தொடக்கம் 1932 வரை சிக்காகோவுக்கு அருகிலுள்ள தொலைபேசிக் கருவி ஆலையில் நடைபெற்றவை இவை. எல்டன் மேயோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை. மனித உறவுக் கோட்பாட்டின் பிறப்பிடமாகப் பாடநூல்கள் அனைத்தும் கூறுபவை. ஐந்து பெண்களைத் தனியறையில் இருத்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி உயர்ந்ததென்பதும், தம்மீது கவனஞ் செலுத்தப்பட்டமையே அதற்குக் காரணமென்பதும் பாடநூற்கதை. பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. பரிசோதனை தொடங்கி ஓராண்டு நிறையுமுன், 1928 ஜனவரியில், ஒத்துழைக்கவில்லை, மிகையாகப் பேசுகின்றனர் என்ற காரணத்தால் அவ்வைவருள் இருவர் அகற்றப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டனர். கதைக்கு இணங்காத பாத்திரங்களைக் கதாசிரியர் நீக்கிவிட்டார். எஞ்சியவர்களின் இணக்கம் மனித இயல்பாக அறிவிக்கப்பட்டது.

இவ்வாய்வுகளால் பயனே இல்லையோ என்று கேட்போருக்கும் விடை கூறுதல் கடன். பயன் உண்டு, சில வேளைகளில் ஆய்வாளர் எண்ணியதற்கு மாறான பயன். 1931-32இல் அதே ஆலையில் பதினான்கு ஆண் தொழிலாளரை அவதானித்த ஆய்வாளர், அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதற்குமேல் உற்பத்தி செய்யாதிருந்ததையும், மிகுதியாகச் செய்தவனைக் கேலிசெய்து தடுத்ததையும் விரிவாகப் பதிந்துள்ளனர். அதனைத் தர்க்கமற்ற மனவுணர்ச்சி என விளக்கினர். வேகத்தை உயர்த்தினால் கூலிவீதம் குறைக்கப்படும், ஆட்குறைப்பு வரும் என அத்தொழிலாளர் அஞ்சியது பொருளாதார மந்தத்தின் நடுவில் எவ்வளவு தர்க்கபூர்வமானது என்பது வாசகருக்குத் தெளிவு. 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் பால்சாக்கைப் பற்றிக் கூறிய கருத்து இங்குப் பொருந்தும். எழுத்தாளரின் அரசியற் சார்பையும் மீறி யதார்த்தம் வெளிப்படக்கூடும். நுணுகிப் பார்த்து எழுதப்பட்ட ஆய்வு, தன் முடிபுக்கு எதிரான சான்றையும் நமக்குத் தந்துவிடுகிறது. நம்மவர்களின் வினாக்கொத்து ஆய்வுகளில் அத்தகைய அவதானிப்புக்கும் இடமில்லாது போவதே பெருங்குறை. ஷ்மித்தாவது பெயருடன் இருந்தான். இங்கு 'மாதிரி' மட்டுமே உண்டு.

4

இனி, அம்மாதிரிக்குப் பின்னாலுள்ள வரலாற்றை வெள்ளவத்தையிலிருந்து தொடங்கி நோக்குவோம். இன்று அடுக்குமாடிகளும் நகைக்கடைகளும் கொண்ட நடுத்தர வர்க்கத் தமிழரின் குடியிருப்பாக அறியப்படும் வெள்ளவத்தை, ஒருகாலத்தில் நாட்டின் மிகப் பெரிய நெசவாலை நின்ற இடம். வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். இந்தியாவிலிருந்து வந்தோர், சிறப்பாக மலையாளிகள், அவர்களுட் பெருந்தொகையினர், சிங்களவரும் உடனிருந்தனர். வாலிபர் கழகங்களைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர் அவர்களுக்குத் துணைநின்று சங்கமொன்றை அமைத்தனர். கொல்வின் ஆர். டி சில்வா அதன் தலைவரானார். 1920களில் கொழும்புத் தொழிலாளரின் மாபெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க இவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். அடுத்த ஆண்டுகளில் அவருடைய இயக்கம் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கியது. வேலையில்லாத் திண்டாட்டத்தின் சுமை முதலாளியின் வாசலிலிருந்து பக்கத்துத் தறியில் நின்றவனின் தலைமேல் மாற்றி வைக்கப்பட்டது. ஊழியரிடையே முரண்பாடு என்னும் மாறியை அளப்போர், அம்முரண்பாடு யாரால், எப்போது, எதற்காக ஊட்டப்பட்டது என்று கேட்பின் இவ்வரலாற்றைத் தொடாமற் செல்ல இயலாது.

இரண்டாவது நிகழ்ச்சி எழுதுவினைஞர் பற்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சம்மரிகளில் அறை பகிர்ந்து தங்கி, கோட்டையிலுள்ள திணைக்களங்களுக்குச் சென்று கோப்பெழுதிய இலிகிதர் கூட்டம் நமது நடுத்தர வர்க்கத்தின் கருவறை. அடக்கமும் மேலதிகாரிக்குப் பணிவும் அவர்களின் பிறவிக் குணமென்று நகைச்சுவை நாடகங்கள் முதல் குடும்பப் பேச்சுக்கள் வரை கூறிவந்துள்ளன. 1947 மே, யூன் மாதங்களில் நடைபெற்ற பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞரும் இறங்கினர். பின்னாளில் சிங்கள நாவலாசிரியராகவும் அமைச்சராகவும் அறியப்பட்ட ரி. பி. இலங்கரத்ன அவர்களது சங்கத்தின் தலைவராயிருந்தார். யூன் 5ஆம் திகதி கொலன்னாவையை நோக்கிச் சென்ற வேலைநிறுத்தக்காரரின் ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் வே. கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிரிழந்தார். சிங்களத் தலைவர் ஒருவரின் கீழ் ஒன்றிணைந்த சங்கத்துக்காகத் தமிழ் இலிகிதர் ஒருவர் வீழ்ந்தார். பணிவு பிறவிக் குணமாயின் இந்நிகழ்ச்சிக்கு விளக்கமில்லை. சமூக உறவுகள் மாறும் வேளையில் நடத்தையும் மாறுகின்றது. மாறாத 'ஆளுமை' என்பது அமைதிக் காலத்தில் எடுக்கப்பட்ட படமேயாகும்.

அவ்வொற்றுமை நீடிக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் அதே அலுவலகங்களின் மேசைகளை இரண்டாகப் பிரித்தது. இங்குதான் கோடீஸ்வரன் வழக்கு நம் கவனத்தைக் கோருகின்றது. கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றிய தமிழ் எழுதுவினைஞரான கோடீஸ்வரனுக்கு 1962 ஏப்ரலில் வரவேண்டிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அவர் தோற்றாமையே காரணம். அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு எதிராகப் பாரபட்சங் காட்டும் சட்டங்களைத் தடைசெய்தமையால் மொழிச் சட்டமே செல்லாது என்பது அவர் வாதம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அதனை ஏற்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட முடியாது எனக் கூறி அத்தீர்ப்பைத் தள்ளியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்காடலாம் எனத் தீர்த்து, யாப்புப் பற்றிய வினாவை மீளவும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அவ்வினா அங்கு ஒருபோதும் விடை பெறவில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு 29ஆம் பிரிவையே இல்லாதொழித்தது. அந்த யாப்பை வரைவதில் முதன்மையாகப் பங்கேற்ற அமைச்சர், 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய அதே கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் மொழிச் சட்டத்தை எதிர்த்து உறுதியாகப் பேசியவரும் அவரே.

இதனை இடதுசாரி இயக்கத்தின் எதிரிகள் எள்ளி நகையாடலாம். நமக்கு இது நகைப்புக்குரியதன்று. 1964இல் கூட்டரசாங்கத்துட் புகுந்த பின்னர், மொழிச் சம அந்தஸ்தைத் தொழிலாளர் ஒற்றுமையின் நிபந்தனையாகக் கொள்வதை விட்டு இடையூறாகக் கருதத் தலைப்பட்டமை, இயக்கத்தின் அடித்தளத்தையே அரித்தது. கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் வர்க்கப் பிரச்சினையா, இனப் பிரச்சினையா என்று அன்று பலர் வாதிட்டனர். ஓர் உழைப்பாளியின் கூலி அவனுடைய மொழிக்காகப் பிடித்துவைக்கப்படும்போது அவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் கூரிய கத்தி எதுவும் இல்லை என்பதே நமது துணிபு.

இனி, ஊக்குவிப்புக் கோட்பாட்டின் பக்கம் திரும்புவோம். 1959இல் ஹேர்ஸ்பேர்க் வகுத்த இரு காரணிக் கோட்பாடு சம்பளத்தை அதிருப்தியைத் தடுக்கும் காரணியாகக் கொள்ளும். அங்கீகாரமும் சாதனையுமே உண்மையான ஊக்கிகள் என்னும். 1962இல் கோடீஸ்வரனிடம் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்திருந்தால் எந்தக் கட்டத்தில் அவர் அடையாளமிட்டிருப்பார்? 'சம்பளத்தில் திருப்தியில்லை' என்ற கட்டத்தில் இட்டிருக்கலாம். அந்த அடையாளத்தால் ஆய்வாளர் அறியக்கூடியது யாது? ஒரு சட்டமும், ஒரு சுற்றறிக்கையும், ஒரு மொழியின் அவமானமும் அக்கட்டத்துள் அடங்கிப் புள்ளியொன்றாய்ச் சுருங்கியிருக்கும்.

விலகல் பற்றிய கணிப்பும் இத்தகையதே. 1980 யூலை வேலைநிறுத்தத்தின்போது அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பயன்படுத்தி, வேலைக்கு வராதோர் தம் பதவியைத் தாமே விட்டு நீங்கியோராகக் கொண்டு 40,000 பேருக்கு மேற்பட்டோரை வெளியேற்றியது. ஆவணத்தின் மொழியில் அது தன்விருப்ப விலகல். மூன்றாண்டுகளின் பின், 1983 யூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தமிழ் ஊழியர் வேலைக்குச் செல்லவில்லை. பலர் மீண்டு வரவேயில்லை. தமிழருக்குச் சொந்தமான ஆலைகள் எரிந்தபோது அங்கு பணியாற்றிய சிங்களத் தொழிலாளரும் வேலையிழந்தனர். வரவுப் பதிவேட்டில் இவை யாவும் வரவின்மையே. விலகும் எண்ணத்தை அளக்கும் எந்த அளவுகோலும் அவர்களிடம் எண்ணத்தைக் கேட்டிராது.

5

இவ்வரலாற்றின் பின்னணியில் ஒரு கலைச்சொல் நம்மைத் திகைக்க வைக்கின்றது. டெனிஸ் ஓகன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988இல் நூலுருவில் விரித்துரைத்த எண்ணக்கரு இன்று நமது ஆய்வேடுகளிற் பெருவழக்காயுள்ளது. 'நிறுவனக் குடியுரிமை நடத்தை' என அதனைப் பெயர்க்கலாம். ஒப்பந்தத்திற் கூறப்படாத, ஊதியத்தால் நேரடியாக ஈடுசெய்யப்படாத வேலையைத் தானே மனமுவந்து செய்தல், சக ஊழியனுக்கு உதவுதல், இடையூறுகளை முறையிடாது பொறுத்துக்கொள்ளல் முதலியன இதன் கூறுகள். நல்ல போர்வீரன் என்னும் உருவகத்தை ஓகன் தம் நூலின் துணைத்தலைப்பிலேயே வைத்துள்ளார். குடியுரிமை என்று பெயர். கூறப்படுபவை யாவும் கடமைகள். வாக்கு எங்கே, பிரதிநிதித்துவம் எங்கே, மறுத்துரைக்கும் உரிமை எங்கே என்று கேட்டால் விடையில்லை. சங்கத்தில் இணைதல் இக்குடியுரிமை நடத்தையின் ஒரு கூறாக அளக்கப்பட்டதை நாம் காணவில்லை.

வேறு நாடுகளில் இது வெறும் உருவகமாகத் தோன்றலாம். இந்நாட்டின் தமிழ் வாசகருக்கு அவ்வாறு தோன்ற வழியில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தம் உழைப்பால் ஈட்டியோர் அவர்கள். அந்நிலை முழுமையாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரைநூற்றாண்டுக்கு மேலாகக் குடியுரிமையின்றி உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் உணவகங்களிலும் பண்டசாலைகளிலும் பணிபுரிகின்றனர். அவர்களிடம் சென்று நிறுவனத்தின் நல்ல குடிமகனாக நீ நடந்துகொள்கிறாயா என்று வினவுவதிலுள்ள வரலாற்று மறதியை என்னென்பது!

மற்றொரு மாற்றமும் குறிப்பிடற்பாலது. கொழும்பின் அலுவலகங்களிலும் அடுக்குமாடிகளிலும் துப்புரவு, காவல், சுமை வேலைகளைச் செய்வோரிற் பலர் இன்று அந்நிறுவனங்களின் ஊழியரல்லர்; 'மேன்பவர்' முகவர்களால் நாட்கணக்கில் அனுப்பப்படுவோர். ஒருவன் எந்த நிறுவனத்தின் வாசலைக் கூட்டுகிறானோ அந்நிறுவனத்தின் பதிவேட்டில் அவன் பெயரில்லை. தோட்டங்களிலே கங்காணி, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் தலைக்காசு பெற்றான். தலையை எண்ணிப் பணம் பெறும் அம்முறை நகரத்தில் புதிய பெயருடன் திரும்பியுள்ளது. அர்ப்பணிப்பையும் குடியுரிமை நடத்தையையும் அளக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் நிரந்தர ஊழியரையே மாதிரியாகக் கொள்கின்றன. இவர்கள் எண்ணிக்கையிலேயே சேர்வதில்லை.

6

இனி இலக்கியத்தின் பக்கம் வருவோம். தோட்டத் தொழில் பற்றித் தமிழில் எழுந்த மிகப் பழைய ஆக்கங்களுள் ஒன்று, 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பிச் செய்கையின் முறைகளைத் தொழிலாளர்க்கு ஏற்ற கும்மி மெட்டில் தோட்ட நிருவாகத்தின் நோக்கில் நின்று கூறுவது அது. மேனாட்டில் டெய்லர் தோன்றுமுன்பே, உழைப்போரின் வடிவத்தைக் கடன்வாங்கி உழைப்போரை நெறிப்படுத்தும் எழுத்து தமிழில் வந்துவிட்டது. இன்றைய ஆய்வேட்டை அக்கும்மியின் வழித்தோன்றலாகக் கொள்ளலாம். மெட்டு மட்டுமே மாறியுள்ளது.

அதற்கு எதிர்த்திசையில் வளர்ந்ததே நமது யதார்த்த இலக்கியம். 1930களில் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'யில் மருதி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து சீரழிகிறாள். ஊர் அவள் நடத்தையை நோக்கும். கதையோ வறுமையையும், ஆள்பிடிப்பையும், தோட்டத்தின் அதிகாரத்தையும் நோக்குகிறது. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நெசவாளரின் கோபத்தை நூல் விலையிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தன் தலைப்பிலேயே உழைப்பின் அளவைச் சுமந்து நிற்கிறது. தொழிற்சங்கவாதியாகவும் எழுத்தாளராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் பாடல்களையும் பேச்சையும் சேகரித்தமை ஓர் ஆய்வு முறையுமாகும். ஆங்கே கேட்கப்படுவோர் தம் சொற்களிலேயே விடை கூறுகின்றனர். தோட்டத் தொழிலாளி ஒருநாட் கூலிக்கான பதிவைப் 'பேர்' என்கிறான். குறித்த நிறையை எட்டாதபோது கிடைப்பது 'அரைப்பேர்'. ஒரு நாளின் உழைப்பு குறைந்தால் மனிதனின் பெயரே பாதியாகிவிடுகிறது என்பதை அச்சொல் உணர்த்தும் அளவுக்கு எந்தத் தொழில் திருப்திச் சுட்டெண்ணும் உணர்த்தியதில்லை.

ஆயின், ஆய்வைக் கைவிட்டுக் கதை எழுதுங்கள் என்று முகாமைத்துவ மாணவரை நாம் கேட்கவில்லை. அவர்களிற் பலர் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் இலிகிதர் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். தம் தாய்தந்தையரின் வாழ்க்கையை அறிந்தவர்கள். அவ்வறிவை வாசலில் விட்டுவிட்டு வருமாறு ஆய்வு முறை அவர்களைப் பணிக்கிறது என்பதே நமது முறைப்பாடு. 1974இல் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' எழுதிய ஹரி பிரேவர்மன் செம்புக் கன்னானாக வேலை செய்தவர். சிந்திப்பதைச் செய்வதிலிருந்து பிரித்து, சிந்தனையை முகாமைக்கும் செயலைத் தொழிலாளிக்கும் பங்கிட்டுக்கொடுப்பதே டெய்லரியத்தின் சாரம் என அவர் காட்டியமைக்கு அப்பட்டறையறிவு துணைசெய்தது. அத்தகைய ஆய்வு இங்கும் இயலும்.

அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எந்த நிறுவனத்தை ஆராய்கிறோமோ அதன் தொழிற்சங்க வரலாறும், அங்கு சங்கமில்லையாயின் இல்லாமைக்கான காரணமும் முதல் இயலில் இடம்பெற வேண்டும். தொழிலாளியின் விடைகளோடு அவனுடைய சம்பளச் சீட்டும் நிறுவனத்தின் இலாபக் கணக்கும் ஒருங்கே வைத்து வாசிக்கப்பட வேண்டும். வினாக்கள் தொழிலாளியின் தாய்மொழியில், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத இடத்தில் கேட்கப்பட வேண்டும். முகவர்வழி வந்தோர் மாதிரியிலிருந்து விலக்கப்படலாகாது. முடிபுகள் முகாமையாளர்க்குச் சமர்ப்பிக்கப்படுவது போலவே தொழிலாளர்க்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அவர்களின் மறுப்பு பின்னிணைப்பாகவேனும் சேர்க்கப்பட வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. நேர்மையான ஆய்வின் குறைந்தபட்சத் தேவைகள்.

2011இல் தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கா வலயத்துத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ரொஷேன் சானக என்னும் இளந்தொழிலாளி உயிரிழந்தார். மசோதா கைவிடப்பட்டது. 1947இல் வீழ்ந்த கந்தசாமி தமிழர். 2011இல் வீழ்ந்த சானக சிங்களவர். இருவரும் தம் நிறுவனத்தின் நல்ல ஊழியராயிருந்தனரா என்பதை நாம் அறியோம். தம்மோடு உழைத்தோருக்காக வீதியில் நின்றார்கள் என்பதை அறிவோம். உழைக்கும் மனிதனின் நடத்தையை ஆராய முற்படும் எவரும் விளக்கவேண்டிய நடத்தை இதுவேயாகும். இதனை விளக்க இயலாத கோட்பாடு எத்துணைச் செம்மையான புள்ளிவிபரத்தைக் கொண்டிருப்பினும், தன் ஆய்வுப்பொருளைத் தவறவிட்ட கோட்பாடே என்பது நமது முடிபு.